எதிரியின் டோச்

மேல் நீதிமன்றத்தில் எனக்கு மூன்று வேலை.
பெயர் கூப்பிடுவது. கோப்புத் தூக்குவது.
மரணத் தீர்ப்பு வாசிக்கையில்
விளக்கையும் காற்றாடியையும் நிறுத்துவது.

மூன்றாவது வேலை
இருபத்தாறு வருடத்தில் நாலு தரம் வந்தது.
நல்லரெத்தினத்துக்கு வந்தது இரண்டாவது.

காற்றாடி உடனே நிற்காது.
சுவிச்சை அமத்திய பிறகும் ஏழெட்டுச் சுற்று
தன்பாட்டில் சுற்றும்.
அதுவரைக்கும் ஐயா காத்திருப்பார்.
எழும்பி நின்றோம்.
கூண்டுக்குள் நின்றவன் அண்ணாந்து பார்த்தான்,
கரண்ட் போயிட்டு என்று நினைத்திருப்பான்.

வெளியே மகிழூரிலிருந்து மூன்று வேன் சனம்.
"எங்களிட்டத் தாங்க, நாங்க பாக்கிறம்" என்று
முதல் தவணையிலிருந்து கத்திய சனம்.
அவன் மனிசி இருந்த கிடுகுவீட்டை
ஒருநாள் இரவு எரித்ததும் அதே சனம்தான்.

ஏழு வயதுப் பிள்ளை ஆற்றங்கரையில் கிடந்தாள்,
காதில் தோடில்லை.
பத்தடி தள்ளி ஒரு டோச்.
தன்னுடையதில்லை என்று அவன் சொல்லவில்லை.
"அங்கதான் ஐயா நான் றாலுக்குப் போற.
முதல்நாள் கைதவறி விழுந்திட்டு."

என்னை நல்லவன் என்று நினைக்கவேண்டாம்.
அப்போது என் வீட்டிலும் ஏழு வயதில் ஒருத்தி.
கூண்டுக்குக் கொண்டுவருகையில் தண்ணீர் கேட்டான்.
காதில் விழாததுபோலக் கோப்பு அடுக்கினேன்.
அன்றிரவு சோறு நன்றாக இறங்கியது.

ஊரில் வெடி கொளுத்தினார்கள்.
அம்மன் வாசலில் புக்கை பொங்கினார்கள்.
வைகாசிக்கு வைகாசி அவளுக்குக்
குளிர்த்தி பாடுகிற ஊர்.
எந்தத் தீர்ப்பால் அவள் கொதித்தாள் என்று
ஒருவருக்கும் அன்றைக்கு ஞாபகம் வரவில்லை.
எனக்கும்தான்.

பிள்ளையின் தாய் மட்டும் கத்தவில்லை.
தவணைக்குத் தவணை
விறாந்தையில் என்னை மறித்துக் கேட்பாள்:
"தோடு கிடைச்சதா தம்பி?"

நானறிய இங்கே யாரையும் தூக்கியதில்லை.
தீர்ப்பை எழுதி ஆளைக் கொழும்புக்கு அனுப்புவார்கள்.
அங்கே ஒவ்வொரு நாளும்
தூக்காமல் வைத்திருப்பார்கள்.

பன்னிரண்டு வருடம் கழித்து
மேன்முறையீட்டில் சொன்னார்கள்:
டோச் கிடந்தது உண்மை,
அதற்குமேல் இந்த வழக்கில் ஒன்றுமில்லை.

போன செவ்வாய் வந்தான்.
முழுநரை. புதுச் செருப்பு,
விலை ஒட்டிய துண்டு பிய்க்காமல்.
"என்ட டோச் இருக்கா?"

சான்றுப்பொருள் அறையில் அரை மணித்தியாலம் தேடினேன்.
கத்திகள், இரத்தம் கறுத்த சாரம்,
உரப்பைக்குள் யாருடையதோ தலைமயிர்.
அடியில் சீட்டுக் கட்டிய டோச்.
பற்றரி உருகி வெள்ளையாய்ப் பூத்திருந்தது.

பதிவேட்டில் பெறுபவர் என்ற கட்டத்தில்
கைப்பழக்கத்தில் எதிரி என்று எழுதிவிட்டேன்.
எங்கள் கோட்டுத் தமிழில்
குற்றஞ்சாட்டப்பட்டவனுக்கு அதுதான் பெயர்,
முதல் தவணையிலிருந்தே.
வெட்டிவிட்டு என்ன எழுதுவதென்று தெரியவில்லை.
பேனாவை அவனே வாங்கினான்.
அந்த நாளில் பெருவிரல் வைத்தவன்
எதிரிக்குக் கீழே
சிங்களத்தில் கையொப்பம் வைத்தான்.

எதிர்க் கடையில் பிளேன்டீ ஆற்றியவன்
அவன் போவதைப் பார்த்துச் சொன்னான்:
"நெருப்பில்லாமப் புகையாதுகா.
லோயருக்குக் காசக் குடுத்து வந்திருப்பான்."
நான் சீனி கொஞ்சம் கூடக் கேட்டேன்.
பஸ் தரிப்பில் அவன் நின்றது
மகிழூருக்குப் போகிற பக்கமில்லை.

நேற்று அந்தத் தாய் வந்தாள்.
இடுப்பு கூனிவிட்டது.
இந்தமுறை தோட்டைக் கேட்கவில்லை.
இத்தனை ஊரில் இதுவரை ஒருவரும் கேட்காததை
என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்:

"அப்ப ஆர் தம்பி?"

தலைக்குமேல் காற்றாடி, முழு வேகத்தில்.
விளங்கவில்லை என்று
கையால் காட்டினேன்.