ஏழு சொல்லுக்கு ஒரே விடை

நோர்வூட்டில், மருந்துக்கடைக்கு மேல்மாடியில்
சனிக்கிழமை நாலரைக்கு வகுப்பு.
பக்கத்தில் இருப்பவன் ஓ.எல். எழுதப்போகும் பையன்.
எனக்கு நாற்பத்து மூன்று.
பெரிய கிளாக்கர் ஆக இங்கிலீஷ் வேணுமாம்.

நதீஷா மிஸ் பலகையில் எழுதினார்:
சென்ட், டிஸ்பாட்ச், ஃபோர்வர்ட், ரெமிட்,
கன்சைன், டிஸ்மிஸ், ரிபேட்ரியேட்.
எதிரே தமிழில் எழுதச் சொன்னார்.
தமிழ் வாசிப்பார், தடுக்கித் தடுக்கி.
நான் எழுதினேன்:
அனுப்பு. அனுப்பு. அனுப்பு. அனுப்பு.
அனுப்பு. அனுப்பு. அனுப்பு.
முதலாவது சரி.
மற்ற ஆறுக்கும் சிவப்பில் கேள்விக்குறி,
கொழுந்து நிறுக்கும் தராசுக் கொக்கி மாதிரி வளைந்து.

டிஸ்பாட்ச் எனக்குத் தெரியாதா?
பதினெட்டு வருசமாக அதுதான் என் வேலை.
பி.ஓ.பி. இருபது மூடை, டஸ்ட் பத்து,
இன்வொய்ஸ் நம்பர், லொறி நம்பர், சீல்,
கொழும்புக்கு.
மழையில் தார்ப்பாய் கட்டிக்கொண்டே
கிளீனர் கேட்பான்,
"அண்ணே, இதெல்லாம் யாரு குடிக்கிறா?"
அந்த நிரல் என் புத்தகத்தில் இல்லை.

ரெமிட், தவமலர் செய்வது.
குவைத்திலிருந்து மாதம் ஐந்தாம் தேதி,
சிலவேளை பதினைந்து.
போன் டிங் என்றால்
நானும் மகனும் ஒன்றாகத் திரும்புவோம்.
மெசேஜில் அவள் பேர் இருக்காது,
கணக்கின் கடைசி நாலு இலக்கம் இருக்கும்.

டிஸ்மிஸ் போன வருசம் வந்தது,
ரோலர் அறைப் பெருமாள்ராஜுக்கு, இரண்டு வரியில்.
வாசித்துக் காட்டியவன் நான்.
வாசிக்கும்போது என் குரல்
துரை குரலாகிவிட்டதாம்.
இன்றுவரை என்னோடு பேச்சில்லை.

ரிபேட்ரியேட்டுக்கு மிஸ் தந்த விடை நீளம்:
தாய்நாட்டுக்குத் திருப்பி அனுப்புதல்.
எழுபத்திரண்டில் பெரியப்பாவை அனுப்பினார்கள்.
ஹட்டன் ஸ்டேசனில் ஒப்பாரிக் கோச்சி,
பிறகு தலைமன்னார், கப்பல், மண்டபம் முகாம்.
அவர் பிறந்தது எட்டாம் நம்பர் லயத்தில்,
மூன்றாம் காம்பிரா.
கடலையே அன்றைக்குத்தான் பார்த்திருப்பார்.
"திருப்பி" என்பதைச் சுற்றி
பேனாவால் வட்டம் போட்டேன்.
மிஸ் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை.

பிறகு நான் ஒரு சொல் கேட்டேன்.

லீவில் வந்த பொகவந்தலாவைப் பெண் ஒருத்தி
போன வெள்ளி எங்கள் லயத்தைத் தேடி ஏறிவந்தாள்.
கோடாலித் தைலம் இரண்டு,
சப்பாத்து ஒரு சோடி.
தவமலர் கொடுத்தனுப்பியது.
கொடுத்தனுப்புக்கு இங்கிலீஷ் என்ன மிஸ்?
தபால் இல்லை, கூரியர் இல்லை, ரசீதும் இல்லை.
ஒருத்தி தன் முப்பது கிலோவில்
நமக்கென்று முக்கால் கிலோ ஒதுக்கி,
பஸ்ஸிலும் மடியில் வைத்துக்கொண்டு வருகிறாளே,
அதற்கு?

மிஸ் சோக்கட்டியை உருட்டினார்.
"சென்ட் த்ரூ சம்பொடி."
"அது மூணு சொல்லு மிஸ்."
ஓ.எல். பையன் சிரித்தான்.
மிஸ்ஸும் சிரித்தார்.
"எங்க பாஷையில இருக்கு," என்றார்,
"தீலா யவனவா."
கொடுத்து, அனுப்பு.
அச்சு அப்படியே.
எட்டாவதாக எழுதிக்கொண்டேன்,
இங்கிலீஷ் பக்கம் வெறுமையாக.

சப்பாத்து ஏழாம் வகுப்புப் பையனுக்கு அல்ல,
அவள் விட்டுப்போன
ஐந்தாம் வகுப்புப் பையனுக்கு.
ராத்திரி வீடியோ கோலில்
கிஷாந்தன் விரல்களை மடக்கி
குதியை வெளியே விட்டு நின்றான்.
நான் போனைச் சற்று உயர்த்திப் பிடித்தேன்.
"அளவு சரியாடா?"
"சரியா இருக்கும்மா."
சிக்னல் விட்டுவிட்டு வந்தது.

அடுத்த சனிக்கிழமைக்குள்
ஃபோர்வர்டுக்கு விடை எழுத வேண்டும்.
பக்கத்துக் காம்பிராச் சின்னவனின் காலை
ஒருதரம் பார்த்து வைத்திருக்கிறேன்.