பிரித்துத் தைத்தல்

பள்ளியில் என்னைக் கைநீளம் என்பார்கள்.
எதையும் திருடியதில்லை.
விரல்கள்தான் நீளம்;
கையை மூடினால் கட்டைவிரல்
மறுபக்கம் எட்டிப் பார்க்கும்.

அப்பாவுக்கும் அதே கை.
எண்ணூரில் இரவு ஷிப்ட் முடிந்து வந்து
செருப்பைக் கழற்றக் குனிந்தவர்
நிமிரவில்லை. முப்பத்தாறு வயது.
மாரடைப்பு என்று எழுதினார்கள்.
கிழிந்தது வேறு.

டாக்டர் நளாயினி மருந்துச் சீட்டின் பின்புறம் வரைந்தார்:
இதயத்திலிருந்து கிளம்பும் பெருங்குழாய்,
அடியில் வெங்காயம்போல் ஓர் உப்பல்.
ஐந்து புள்ளி ஒன்று சென்டிமீட்டர்.
"உப்பினதை வெட்டிடுவோம்.
வால்வு நல்லாத்தான் இருக்கு, உங்களுடையதே இருக்கட்டும்.
உலோகத்துல வச்சா ஆயுசுக்கும்
ரத்தம் உறையாத மாத்திரை.
குழந்தை வேணும்ங்கிறீங்களே."

புதுக் குழாய் எதில் என்றேன்.
பாலியஸ்டர்.
சிரித்துவிட்டேன்.
தாம்பரம் எக்ஸ்போர்ட் கம்பெனியில்
பதினோரு வருஷமாய் அதுதான் எனக்குச் சோறு.
சட்டையின் கை இற்றுப்போனால்
கஃப்பைச் சேதமில்லாமல் பிரித்து
புதுக் கையில் ஏற்றுவோம்,
அதுதானே டாக்டர்?
அதேதான், என்றார்.
உங்க சட்டை துடிக்காது, அவ்வளவுதான்.

அங்குலத்துக்கு எத்தனை தையல் என்று
கேட்க வாயெடுத்து
கையெழுத்துப் போட்டேன்.

ஏழு மணி நேரம்.
நான் அங்கே இல்லை, பிறகு சொன்னார்கள்:
மூன்று இதழையும் துணிக்குழாய்க்குள் தூக்கி நிறுத்தித் தைத்து
தண்ணீர் ஊற்றிப் பார்த்தார்களாம்.
ஓர் ஓரம் கசிந்தது.
பிரித்து, மறுபடி தைத்து,
மறுபடி ஊற்றினார்கள்.
நின்றது தண்ணீர்.
எங்கள் தெருக்குழாயில்
ஒருநாளும் நின்றதில்லை.

ஐசியுவில் பக்கத்துக் கட்டில் நெல்லூர்க்காரருக்கு
உலோக வால்வு.
விளக்கணைத்த பிறகு அவர் மார்பில்
ஒரு கைக்கடிகாரம் ஓடியது.
அதைக் கேட்டபடி
என்னுடையதைத் தேடினேன்.
ஒன்றும் கேட்கவில்லை.
பயந்து நர்ஸைக் கூப்பிட்டேன்.
"சத்தம் வராதுக்கா, உங்களுது பழசு" என்று
போர்வையை இழுத்துவிட்டுப் போனாள்.

தம்பி ஆறடி நாலு அங்குலம்.
வேளச்சேரியில் வீடு வீடாகப்
பிரியாணி கொண்டுபோய்க் கொடுக்கிறான்.
அப்பா வைத்த பெயர் ஆரோக்கியம்.
எக்கோ எடுக்க வாடா என்றால்
ஞாயிறு என்கிறான்,
ஞாயிறு வந்தால் அன்றைக்குத்தான் ஆர்டர் அதிகம் என்கிறான்.
படிக்கட்டில் அவனுக்கு மூச்சு வாங்கியதை
பொங்கலுக்கே பார்த்தேன்.

இருமல் வந்தால் நெஞ்சோடு அணைக்கக் கொடுத்த
தலையணையை அணைத்துக்கொண்டு
இன்றைக்கும் அவனுக்குப் போன் போட்டேன்.
அடித்துக்கொண்டே இருக்கிறது.
இன்னும் எடுக்கவில்லை.