பெரிய ற

காலையிலேயே விளக்கு போய்விட்டது.
டப்பென்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.
மதுரையிலிருந்து புது பல்பு
நாளைக்குத்தான் பஸ்ஸில் வரும்.
போஸ்டர் நாலு மணிக்கு வேண்டும்.
ஐந்துக்கு எடுக்கிறார்கள்.

யாரென்று பிலிமைத் தூக்கிப் பார்த்தேன்.
லெ.முத்.கறு.
செக்காலை ரோட்டில் ஆளுக்கு முன்னால்
குரல் வந்து சேரும்.
மகள் கல்யாணத்துக்கு
முத்துக்கருப்பன் என்று போட்டதற்காக
ஆயிரத்து இருநூறு பத்திரிகையையும்
மேஜைமேல் கொட்டிவிட்டுப் போனவர்.
"எங்க வீட்டுக் கறுப்பனுக்குப் பெரிய ற.
இசைகுடிமானத்துல அப்படித்தான் எழுதுவோம்.
மாத்த நீ யாரு?"
ரெண்டும் அகராதியில் இருக்கு என்றேன்.
அகராதியா காசு குடுக்குது என்றார்.
அந்த மாதச் சம்பளத்தில் பாதி
எனக்குச் சின்ன ரகரமாகப் போனது.

இன்று டிடிபி பையன் சரியாகத்தான் அடித்திருந்தான்.
நான்கு முறை பார்த்தேன்.

மஞ்சள் விளக்கின் கீழே
தகட்டின் பச்சை பச்சையாகத் தெரியாது,
ஊறப்போட்ட பாசிப்பயறு மாதிரி ஒரு மங்கல்.
மேலே பிலிம், அதற்கு மேலே கண்ணாடி,
அடியில் ஒரு கண்ணாடி, நாலு மூலைக்கும் கிளிப்.
கறுப்புத் துணியில் சுற்றி
திருட்டுச் சாமான்போல மாடிக்குக் கொண்டுபோனேன்.

பன்னிரண்டரை வெயில்.
பக்கத்து மாடியில் மோர்மிளகாய்.
தட்டோடு செருப்பையும் மீறிச் சுட்டது.
விளக்கென்றால் நாற்பது எண்ணினால் போதும்,
சூரியனுக்கு எத்தனை என்று
எந்தப் பெட்டியிலும் எழுதியிருக்கவில்லை.
ஒரு துண்டுத் தகட்டை அட்டையால் மூடி
விரல் விரலாக நகர்த்திப் பார்த்ததில்
நூற்றுப் பத்து வந்தது.

துணியை உருவினேன்.
இருபதில் பச்சை தயங்கியது.
ஐம்பதில் வெளுக்கத் தொடங்கியது,
முதல் சலவைக்கே சாயம் விடும்
பள்ளிக்கூடப் பாவாடைபோல.
அறுபத்தெட்டில்
தேவகோட்டைப் பக்கமிருந்து ஒரு மேகம்.

நிழலில் ஒரு நொடிக்கு எத்தனை நொடி?
பாதி என்று வைத்துக்கொண்டேன்,
இரண்டு மூச்சுக்கு ஒன்று.
மேகமும் அவரைப் போலத்தான்
பாக்கியைச் சரிபார்த்துவிட்டே நகர்ந்தது.

வெளியாட்களிடம் சொன்னால் நம்புவதில்லை.
வெளிச்சம்தான் எழுதுகிறது என்று நினைக்கிறார்கள்.
இல்லை.
வெளிச்சம் பட்டதெல்லாம் நிறம் மாறி
டெவலப்பரில் கரைந்து
வெறும் அலுமினியமாகிவிடும்.
எது கறுப்புக்குப் பின்னால் ஒதுங்கி நின்றதோ
அதில்தான் மை ஏறும்.

ஸ்பாஞ்சால் இழுத்தேன். கலங்கி ஓடியது.
முதலில் மீசை வந்தது.
நெற்றியில் திருநீறு, மூன்று பட்டை வெற்றுத் தகடு.
கண்ணாடிக்குள் அதே முறைப்பு.
பிறகு பெயர்.

முத்துக்கறுப்ப்ன்.

கடைசிப் பகரத்தின் தலையில்
எள்ளில் பாதியாய் ஒரு புள்ளி.
மாடித் தூசியோ, மிளகாய்ச் சருகோ,
வெயிலை மறைத்துக் கொஞ்ச நேரம் நின்றதற்கே
தன்னையும் எழுத்தென்று நினைத்துவிட்டது.
இதை மட்டும் அடித்திருந்தால்
ஐஸ் பெட்டியைத் திறந்துகொண்டு
நேரே இங்கேதான் வந்திருப்பார்.

கரெக்ஷன் பேனாவால் தொட்டேன்.
புள்ளி போனது.
தண்ணீர். கோந்து.

மெஷினில் மாட்டும்போது தைனிஸ் கேட்டான்:
"யாருக்கா இது?"
பெரிய ற என்றேன்.
"ஐயையோ" என்று
மையை இன்னொரு தடவை துழாவினான்.

ராத்திரி அகராதியை எடுத்துப் பார்த்தேன்.
கறு என்றால் கோபமும்தானாம்.
சின்ன ர போட்ட பக்கத்தில்
அந்தப் பொருள் இல்லை.

சனிக்கிழமை எடைக்காரன் வந்தான்.
பழைய தகடுகளைப் போட்டோம்.
முத்துக்கறுப்பன்
முந்நூற்று நாற்பது கிராம் இருந்தார்.