பட்டை வடிவம்

சுங்கை சிப்புட். வெள்ளிக்கிழமை, மூன்றரை மணி.
கீம்சா ஊதா என் கட்டைவிரல் நகத்தை விட்டுப் போவதில்லை.
சோறு பிசையும்போதும் அதுதான் முதலில் கண்ணில் படும்.

கண்ணாடிச் சில்லின் ஓரத்தில் பென்சில் எழுத்து:
குணாளன், தந்தை சன்னாசி, நாற்பத்தொன்று,
செம்பனைக் குலை அறுப்பு.

ஒரு சொட்டு எண்ணெய். நூறாம் லென்ஸ்.
சிவப்பணுக்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல்
நடுவில் வெளுத்துக் கிடந்தன.
நல்ல படலம். இன்று கை நடுங்கவில்லை.

முதலில் ஒரு வளையம்,
மோதிரத்துக் கல்லாய் ஒரு சிவப்புப் புள்ளி.
ஃபால்சிபாரமா?
நாற்பது புலம் நகர்த்தியும் பிறை எழவில்லை.
வைவாக்ஸ் என்றால் அணு ஊதியிருக்கும்,
உள்ளே இளஞ்சிவப்புத் தூள் தூவியிருக்கும்.
இது ஊதவில்லை.
அணுவின் குறுக்கே
இடுப்பில் இறுக்கிய துண்டு போல
ஒரு பட்டை.

பட்டை என்றால் மலேரியே.
புத்தகமும் அதைத்தான் சொல்கிறது.
படிவத்தில் எழுதியும் விட்டேன்.

பிறகுதான் அட்டையைத் திருப்பினேன்.
காய்ச்சல்: தினமும், மாலை நாலுக்கு.

மலேரியே எழுபத்திரண்டு மணிக்கு ஒருமுறைதான் வரும்.
வட்டிக்காரனுக்கும் இல்லாத பொறுமை அதற்கு.
தினம் வந்து கதவைத் தட்டுவது
வேறு ஆள்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து
போனில் கால்பந்து பார்த்துக்கொண்டிருந்தான்.
காட்டுப் பக்கம் போனீங்களா?
"காடு ஏதுக்கா இப்ப? புதுசா நட்ட டிவிஷன்தான்.
கடைசி நிரைக்கு அந்தாண்ட குரங்குக் கூட்டம்.
சோத்துப் பொட்டலத்தத் தூக்கிட்டு ஓடிரும்.
எடுக்கத்தான் தெரியும் அதுங்களுக்கு,
ஒன்னும் கொடுத்ததில்ல."
சிரித்தான்.
நான் திருத்தவில்லை.

மறுபடி குனிந்தேன்.
குரங்கின் ஒட்டுண்ணிக்கும் மனிதனுடையதற்கும்
பட்டை ஒன்றுதான்.
எந்த லென்ஸும் பிரித்துச் சொல்லாது.
ரத்தக் குப்பி ஐஸ் பெட்டியில் கோலாலம்பூருக்குப் போகும்;
அங்கே மரபணுவைப் பார்த்துப் பெயர் சொல்வார்கள்,
எப்போதோ.
டாக்டர் ஃபரீடாவை அழைத்தேன்.
"காத்திருக்காதே, அது ஒரு நாளில் பெருகிவிடும்.
எண்ணிக்கை சொல், வார்டில் சேர்க்கிறேன்."

வெள்ளையணு இருநூறு வரும்வரை
ஒட்டுண்ணிகளை எண்ணினேன்,
இடது கையில் எண்ணிப் பொறி டிக் டிக்கென்று.
மலேரியே என்பதன் மேல் ஒரு கோடு,
பக்கத்தில் நோலேசி,
பக்கத்தில் கேள்விக்குறி.
அடித்த எழுத்து கோட்டுக்கு அடியில் தெரிந்தது.
அப்படியே விட்டேன்.

நூற்று எழுபதாவது வெள்ளையணுவில்
மணி நாலு.
வெளியே பெஞ்சின் கால்
சிமெண்டுத் தரையில்
தட்டத் தொடங்கியது.