இருக்கைக் குழாயில் இரண்டு கோடுகள்

எல் ஆல்டோவின் வியாழக்கிழமைச் சந்தையில்
தண்ணீர்க் குழாய்களுக்கும் கழற்றிய சன்னல்களுக்கும் நடுவே
அதைச் சாய்த்து வைத்திருந்தான்.
அறுநூற்றைம்பது பொலிவியானோ.
“எந்த மலையும் ஏறும், சீமாட்டிகளே.”

பெனித்தா முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்து
வண்டியை முன்னும் பின்னும் அசைத்துப் பார்த்தாள்.
ஹேண்டில்பார்க் கழுத்தில் டக், டக்.
நாற்பது குறைத்தான்,
டக்குக்கு இருபது வீதம்.

பெனித்தா என் ஓர்ப்படி.
அண்ணனும் தம்பியுமாக எங்களைக் கட்டியவர்கள்
இக்கீக்கே துறைமுகத்துக்குப் பெட்டி இறக்கப் போய்
மூன்று வருஷம்.
எங்களுக்குள் பேச்சு குறைவு, கணக்கு அதிகம்.
ஆளுக்கு முந்நூற்றைந்து.
ஒற்றைத் தேதி அவளுக்கு, இரட்டைத் தேதி எனக்கு.
முப்பத்தொன்றுக்கு அடுத்ததும் ஒற்றைதான் என்பதை
நான் கவனிக்கவில்லை.
அவள் கவனித்திருந்தாள்.

முதல் வேலை கழுவுவது.
குழாயைப் பீய்ச்சினால் தண்ணீர் பேரிங்குக்குள் புகுந்துவிடும்;
ஒரு வாளி, பழைய பல்துலக்கி, பொறுமை.
சேறு போன பிறகுதான் தெரிந்தது
எது கீறல், எது விரிசல் என்று.
எல்லாம் கீறல்தான். ஆண்டவனுக்கு நன்றி.

தையல் டேப்பை வைத்துச் சங்கிலியை அளந்தேன்.
இருபத்துநான்கு கண்ணிக்குப் பன்னிரண்டு அங்குலம் இருக்கணுமாம்.
எங்களுடையது கால் அங்குலம் நீண்டிருந்தது,
யாரோ இதில் நிறைய மலை ஏறியிருக்கிறார்கள்.
புதுசு வாங்கி மாட்டினோம்.
தேய்ந்த பல்லில் புதுச் சங்கிலி உட்காராது,
ஏற்றத்தில் வழுக்கி வழுக்கி
முழங்காலை ஹேண்டில்பாரில் இடிக்க வைக்கும்:
இதைக் கடைக்காரன் பணத்தை வாங்கிய பிறகு சொன்னான்.

இடது பெடல் அரை மணி நேரம் அசையவில்லை.
ஸ்பேனர் நழுவி விரல் மூட்டுகள் உரிந்தன.
அந்த ஒரு பெடலுக்கு மட்டும் மரை எதிர்ப்பக்கம்.
கழற்றுகிறேன் என்று நினைத்து
அத்தனை நேரமும் இறுக்கிக்கொண்டிருந்தேன்.
கையில் என்ன காயம் என்று பெனித்தா கேட்டாள்.
கதவு என்றேன்.

இருபதாம் தேதி, என் நாள்,
சுகாதார நிலையத்துக்குத் தடுப்பூசிப் பெட்டியைக் கட்டிக்கொண்டு
மில்லுனி போகும் மண்சாலையில் இறங்குகிறேன்.
பிரேக்கைப் பிடித்தேன்.
அது ஊளையிட்டது,
நிற்கவில்லை.
கல்வரிசை ஒன்று நிறுத்தியது என்னை.
பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை.

முந்தின நாள் சங்கிலிக்கு எண்ணெய் அடித்தவள்
டிஸ்க்குக்கும் சேர்த்தே அடித்திருக்கிறாள்,
பளபளக்கட்டும் என்று.
நான் கத்தினேன். பெட்டியைப் பற்றி, சாலையைப் பற்றி,
பிறகு எதெதையோ பற்றி,
திருமணத்தன்று அவள் என்னைவிட உயரமாக
நின்றதைக்கூட விடவில்லை.
அவள் பதில் பேசவில்லை.
இரவு முற்றத்தில் விளக்கு எரிந்தது.
கம்பளியைப் போர்த்திக்கொண்டு
பிரேக் கட்டையை மணல்தாளில் தேய்த்துக்கொண்டிருந்தாள்,
ஸ்பிரிட் துணி மடியில்.
எண்ணெய் துளியாக இருந்தால் பிழைக்கும்;
ஊறிவிட்டால் கட்டையை மாற்றத்தான் வேண்டும்.
இது துளிதான்.

அதற்குப் பிறகு
சங்கிலிக்கு எண்ணெய் சொட்டுச் சொட்டாக விடுகிறோம்.
விட்டதில் பாதியைத் துணியால் துடைத்தும் எடுக்கிறோம்.
உள்ளே இருப்பதுதான் எண்ணெய்,
வெளியே தங்குவது புழுதிக்குப் பசை.

அவளுக்குக் கால் நீளம்.
காலைக்குக் காலை இருக்கையை இறக்குவது எனக்கு வேலை,
ஏற்றுவது அவளுக்கு.
சரியான இடம் ஒருநாளும் வராது.
ஒருநாள் பார்த்தால் இருக்கைக் குழாயில்
நகப்பூச்சால் இரண்டு கோடு:
மேலே சிவப்பு, அவளுடையது.
கீழே ஒரு நீலம். அந்த நிறத்தை
எதற்கு வாங்கினாள் என்று தெரியவில்லை.

ஆகஸ்டு ஒன்று. முற்றத்தில் உறைபனி.
நேற்றும் அவள் நாள், இன்றும் அவள் நாள்.
நடந்து போகலாம் என்று கதவைத் திறந்தேன்.
வண்டி நின்றது,
இருக்கை நீலக் கோட்டில்.

பின் சக்கரத்தில் காற்றே இல்லை.
பம்பை எடுத்து வந்தேன்.