கழிவு போக

மழை நாளில் நூறு கிலோ இலைக்கு
எட்டு கிலோ கழிப்பேன், ஈரத்துக்கென்று.
கட்டபெட்டுச் சாலையோரம் தகரக் கொட்டகை,
ஒரு தராசு, ஒரு நோட்டு, காதில் செருகிய பேனா.
மூட்டை போட்டவர்கள் முள்ளைப் பார்ப்பார்கள்,
பிறகு என்னைப் பார்ப்பார்கள்.
பதினாறு வருடத்தில் அந்தப் பார்வை பழகிவிட்டது.

ஆனி மாதம் ஒரு மாலை, ஆளில்லாத நேரம்,
அதே தராசில் நான் ஏறி நின்றேன்.
தொண்ணூற்றொன்று.
இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன்.
தொண்ணூற்றொன்றேதான்.
சர்க்கரை எவ்வளவு என்று டாக்டர் எழுதிய சீட்டை
ரசீதுப் புத்தகத்துக்குள் வைத்து மூடினேன்.

என் போனில் மூன்று ஊர்கள் இருக்கின்றன.
சாத்தூர், கீழக்கரை, வாணியம்பாடி.
முகம் பார்த்ததில்லை. பெயர் தெரியும், ஆனாலும்
ஊரைச் சொல்லித்தான் கூப்பிட்டுக்கொள்வோம்,
அவரவர் எதிரி அவரவர் ஊரிலேயே இருப்பதால்.
சாத்தூருக்கு வீட்டெதிரே சேவுக்கடை,
நாலு மணிக்கெல்லாம் எண்ணெய் காய்ந்துவிடும்.
கீழக்கரைக்குத் தொதல். மாமியார் கிண்டுவது,
வேண்டாமென்றால் இரண்டு நாள் பேச்சு இருக்காது.
வாணியம்பாடி பாத்திரம் வாடகைக்கு விடுகிறவர்,
வாரம் மூன்று கல்யாணம், மூன்றிலும் பிரியாணி.
எனக்கு வர்க்கி.
அடுப்பைவிட்டு வந்த சூட்டில்
காகிதப் பொட்டலத்தில் எண்ணெய் வட்டம் விரியும்,
உங்களுக்கெல்லாம் அது புரியாது என்றேன்.
“வட்டத்தை மட்டும் போட்டோ எடுத்து அனுப்பு.
மிச்சத்தை நாங்க பாத்துக்கறோம்” என்றது கீழக்கரை.

தினமும் தட்டுகள் வரும்.
சாத்தூரின் கம்பங்கூழ், ஓரத்தில் ஒற்றை மோர்மிளகாய்.
வாணியம்பாடியின் வெள்ளரி,
விருந்துக்கு நறுக்குவதுபோல் ரோஜாப்பூவாய்.
என் தட்டில் ராகிக் களி, அவித்த பீன்ஸ்,
இந்தக் குளிரில் வாய்க்குப் போகுமுன்னே ஆறிவிடும் கீரை.
“இலை நிறுக்கிறவன் இலையையே தின்கிறான்.”
அன்று மூன்று ஊரும் சிரித்து முடிக்க
ராத்திரி பதினொன்றானது.

ஐப்பசியில் மண் சரிந்தது.
சாலை போனது, கரண்ட் போனது, டவரும் போனது.
முதல் நாள் களி கிண்டிப் போட்டோவும் எடுத்தேன்.
போகாத படத்தின்மேல் ஒரு வட்டம்
சுழன்றுகொண்டே இருந்தது.
இரண்டாம் நாள் போனில் சார்ஜ் இல்லை.
மூன்றாம் நாள்
பேக்கரி ஹம்சா விறகடுப்பை மூட்டினான்.
மலையிறங்க வழியில்லாத சரக்கு, பாதி விலை.
பனியில் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை,
வாசனை மட்டும் வளைவு வளைவாய் ஏறி வந்தது.

எட்டு தின்றேன். நின்றுகொண்டே.
ஒன்பதாவதைக் கையில் வைத்துக்கொண்டு
யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது.
கொட்டகையில் நனைந்த சாக்குகள் இருந்தன.

ஐந்தாம் நாள், தண்ணீர்த்தொட்டி மேட்டில்
ஒரு கோடு சிக்னல்.
நூற்றுப் பதினேழு செய்திகள்.
என்ன சாப்பிட்டாய் என்று ஒன்றுகூட இல்லை.
கோத்தகிரி இருக்கியா.
டிவில மலையக் காட்டினாங்க, உன் பக்கமா அது.
கோத்தகிரி.
கோத்தகிரி.
கீழக்கரை அனுப்பிய குரல், நாற்பது நொடி:
முழுக்கக் கடல் இரைச்சல், கடைசியில் ஒரு மூச்சு.

இருக்கேன் என்று அடித்தேன்.
பிறகு, எட்டு வர்க்கி என்று.
அழித்துவிட்டு, எட்டரை.
“சூடாவா?” வாணியம்பாடி கேட்டது.
சூடாத்தான்.
“அப்ப சரி. நாளைக்குக் களி.”

இன்று காலை தராசைத் துடைத்துவிட்டு ஏறினேன்.
எண்பத்தாறு. ஸ்வெட்டர் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.
ஈரத்துக்குக் கழிச்சுக்கோ என்றது சாத்தூர்.
எவ்வளவு?
உன் ஊர்க் கணக்கு என்ன?
நூற்றுக்கு எட்டு.
“அடப்பாவி” என்று வந்தது பதில்.

லிங்கம்மா மூட்டையோடு காத்து நின்றார்.
இலையை அள்ளி உதறிப் பார்த்தேன்,
நோட்டில் நாலு என்று எழுதினேன்.
அவர் முள்ளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
“இளைச்சுட்டியே,” என்றார்,
“உடம்புக்கு என்ன?”