விரல் வைக்கவும்

மார்த்தாண்டம் மேம்பாலத்தடியில் கடை.
இந்த வருடத்துப் போன் நேற்றுதான் வந்தது.
போன வருடத்ததைவிட அரை மில்லிமீட்டர் மெலிவு,
முதுகில் ஒரு கண் கூடுதல்,
நிறத்துக்கு வாயில் நுழையாத பெயர்.

"இதுல என்னவாக்கும் புதுசு?"
அண்டியாபீஸ் ரெத்தினபாய் கேட்டாள்.
நிலாவின் பள்ளம்கூடத் தெரியும் என்றேன்,
கம்பெனிக்காரன் சொல்லித்தந்தபடி.

விரல் வைக்கச் சொன்னது.
வைத்தாள்.
மீண்டும் என்றது.
சேலையில் துடைத்து வைத்தாள்.
மீண்டும்.

இருபத்திரண்டு வருட அண்டிக்கறை
தின்று தீர்த்த ரேகை.
ரேஷன்கடை மிஷினும்
இப்படித்தான் முழிக்குமாம்.

பத்து விரலும் பார்த்தாயிற்று.
பின்னால் ஒருவன் கவர் கேட்டு நிற்கிறான்.
நாலு எண் சொல்லுங்க என்றேன்.
மகள் பிறந்த வருடம் சொன்னாள்.
சட்டென்று திறந்தது.

"இது பழைய போன்லயும் உண்டுல்லா?"

பில் போட்டேன்.
பதினாறு தவணை.
கையெழுத்துக்குப் பேனா நீட்டினேன்.